ஹை சைடு மாஸ்ஃபெட்டுக்கு பூட்ஸ்ட்ராப்: கணக்கிலிருந்து கடைசி சோதனை வரை

நான் முதன்முதலாகப் போட்ட ஹாஃப் பிரிட்ஜில் (மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மாஸ்ஃபெட் சுவிட்சுகள், நடுவிலிருந்து மோட்டார்) கீழே இருந்த மாஸ்ஃபெட் லேசான வெதுவெதுப்போடு இருந்தது, மேலே இருந்தது விரல் வைக்க முடியாத சூடு. இரண்டும் ஒன்றாக வாங்கிய ஐஆர்எஃப்இசட்44என், ஒரே அளவு ஹீட்சிங்க். இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அப்போதும் மேலே உட்கார்ந்ததுதான் சுட்டது. மோட்டாரைச் சந்தேகப்பட்டேன், புரோகிராமைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பார்த்தால் குற்றவாளிகள் இரண்டு பேர்: மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் (அதைத் திறந்து மூடும் கால்) சோர்ஸுக்கும் (கரண்ட் வெளியேறும் கால்) நடுவே பாதுகாப்புக்கு என்று நானே போட்ட ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர், கூடவே 104 என்று எழுதிய ஒரு சின்ன செராமிக் கபாசிட்டர். ஏன் என்பது கணக்குப் பகுதிக்கு வரும்போது தெரியும்.

இந்த வழிகாட்டியில் ஐஆர்2104 டிரைவர் ஐசி, இரண்டு ஐஆர்எஃப்இசட்44என், ஒரு ஆர்டுயினோ ஊனோ, 12 வோல்ட் டிசி மோட்டார் இவற்றை வைத்து பூட்ஸ்ட்ராப் சர்க்யூட்டை முழுசாகப் போடப்போகிறோம். வேறு ஐசி வைத்திருந்தாலும் கணக்கு இதேதான்.

மேலே இருப்பவருக்கு மட்டும் ஏன் தனி கவனிப்பு

என்-சேனல் (N) மாஸ்ஃபெட் முழுசாகத் திறக்க, அதாவது கரண்டைத் தாராளமாக விட, அதன் கேட் சோர்ஸைவிடச் சுமார் 10 வோல்ட் உயரத்தில் இருக்க வேண்டும். தரையைவிட (சப்ளையின் மைனஸ் முனை) அல்ல, சோர்ஸைவிட. கீழ் மாஸ்ஃபெட்டுக்கு சோர்ஸ் தரையிலேயே இருப்பதால் கேட்டுக்கு 12 வோல்ட் கொடுத்தால் கதை முடிந்தது. மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸோ மோட்டாரோடு சேர்ந்து இருக்கிறது. அது திறக்கத் திறக்க சோர்ஸும் 12 வோல்ட் நோக்கி ஏறும், அப்போது கேட்டில் 24 வோல்ட் அளவுக்கு இருந்தால்தான் அது திறந்தே இருக்கும். நம்மிடம் இருப்பது 12 மட்டும்.

பி சேனல் மாஸ்ஃபெட் போட்டால் இந்தத் தலைவலி இல்லை. ஆனால் சிலிக்கானில் எலக்ட்ரான் ஓடும் வேகத்துக்கு ஹோல் ஓடாது, அதனால் அதே அளவு சில்லில் பி சேனலின் ரெசிஸ்டன்ஸ் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். சின்ன வேலைக்குப் பரவாயில்லை, 10 ஆம்பியர் போகிற இடத்தில் வலிக்கும்.

பூட்ஸ்ட்ராப் என்றால் பூட்ஸின் பின்பக்கத்தில் இருக்கும் வார். அதைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்ற கேலியிலிருந்து வந்த பெயர், கம்ப்யூட்டர் பூட் ஆகிறது என்கிறோமே, அதுவும் இதே வார்தான். பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து பார்த்திருந்தால் ஸ்பீக்கர் முனையிலிருந்து இரண்டு ரெசிஸ்டர்களின் நடுப்புள்ளிக்கு ஒரு எலக்ட்ரோலிட்டிக் போவதைக் கவனித்திருப்பீர்கள். அதுவும் பூட்ஸ்ட்ராப்தான். அவுட்புட் ஏறும்போது தன் சப்ளையையும் கூடவே தூக்கிக்கொண்டு போகும்.

நம் சர்க்யூட்டில் இது நடக்கும் விதத்தை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: மாடியில் குடியிருக்கிறீர்கள், மாடியில் குழாய் இல்லை, குழாய் கீழேதான். கீழே இறங்கும்போதெல்லாம் குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறுகிறீர்கள், மேலே இருக்கிற நேரம் முழுக்க அந்தக் குடத்துத் தண்ணீர்தான். கபாசிட்டர் குடம். கீழ் மாஸ்ஃபெட் திறந்திருக்கும்போது நடுமுனை (இரண்டு மாஸ்ஃபெட்டும் மோட்டாரும் சேரும் இடம்) தரைக்கு வரும், அப்போது 12 வோல்ட் சப்ளை ஒரு டயோடு வழியாகக் கபாசிட்டரை நிரப்பும். கீழ் மாஸ்ஃபெட் மூடி மேலே திறந்ததும் நடுமுனை 12-க்கு ஏறும், கபாசிட்டரின் அடிப்பக்கம் அதோடு கட்டப்பட்டிருப்பதால் மேல்பக்கம் 23 வோல்ட் சுமாருக்கு எகிறும். டயோடு பின்வாசலை அடைத்துவிடுவதால் தண்ணீர் கீழே திரும்பாது.

கீழே இறங்காமல் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டால் குடம் காலி. இதில் வருகிற கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து முடியும்.

கணக்கு

குடத்திலிருந்து ஒரு சுற்றுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்க்க வேண்டும். முதல் செலவு கேட்டை நிரப்புவது. ஐஆர்எஃப்இசட்44என் டேட்டாஷீட்டில் மொத்த கேட் சார்ஜ் அதிகபட்சம் 63 நானோகூலும் (கூலும் என்பது சார்ஜை அளக்கும் அலகு). ஐசிக்குள் மேல்பக்கத்துக்குச் செய்தி அனுப்பும் லெவல் ஷிஃப்டருக்கு 5 நானோகூலும் வைத்துக்கொள்ளுங்கள், இந்த 600 வோல்ட் ரக ஐசிகளுக்கு எல்லோரும் வைக்கும் எண் அது. இவை இரண்டும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும்.

அடுத்து மாடியில் இருக்கும் நேரமெல்லாம் ஒழுகிக்கொண்டே இருப்பவை. ஐஆர்2104-இன் மேல்பக்கம் தானே குடிப்பது அதிகபட்சம் 55 மைக்ரோஆம்பியர், லீக்கேஜ் அதிகபட்சம் 50 மைக்ரோஆம்பியர், ஆக 105. இதெல்லாம் சொற்பம். ஆனால் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோஓம் போட்டால் 12 வோல்ட்டில் அது மட்டுமே 1.2 மில்லிஆம்பியர் இழுக்கும், அதாவது ஐசி குடிப்பதைப்போல பத்து மடங்குக்கு மேல்! குடத்தில் ஓட்டை போட்டது நான்தான்.

இப்போது என் கதைக்கு வருவோம். ஆர்டுயினோ ஊனோவில் 9-ஆம் பின்னில் அனலாக்ரைட் கட்டளை கொடுத்தால் வருகிற பல்ஸ்களின் வேகம் சுமார் 490 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 2 மில்லிவினாடிக்குச் சற்று மேல். மோட்டார் பாதி வேகத்தில் ஓட, மேலே உள்ள மாஸ்ஃபெட் 1 மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும். 104 என்றால் 0.1 மைக்ரோஃபாரட், அதை 10 கிலோஓமோடு பெருக்கினால் டைம் கான்ஸ்டன்ட் சரியாக 1 மில்லிவினாடி. அதாவது 11 வோல்ட்டில் தொடங்கும் கேட் அந்த 1 மில்லிவினாடி முடிவதற்குள் 4 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. இந்த மாஸ்ஃபெட் லேசாகத் திறக்கத் தொடங்குவதே 2 முதல் 4 வோல்ட்டில். ஆக ஒவ்வொரு சுற்றின் பின்பாதியிலும் அது முழுசாகத் திறக்கவும் இல்லை, முழுசாக மூடவும் இல்லை, நடுவில் நின்று சூடாகிக்கொண்டிருந்தது. முழுசாகத் திறந்திருந்தால் 17.5 மில்லிஓம், 5 ஆம்பியருக்கு அரை வாட்கூட வராது. அரைகுறையாக நின்று 3 வோல்ட் தாங்கினால் அதே 5 ஆம்பியருக்கு 15 வாட்.

இதில் ஐஆர்2104-இன் ஒரு குணத்தையும் சொல்ல வேண்டும். விசிசி (ஐசிக்குப் போகும் சப்ளை) 8 வோல்ட் சுமாருக்கு இறங்கினால் ஐசி தானே எல்லாவற்றையும் மூடிவிடும், ஆனால் பூட்ஸ்ட்ராப் கபாசிட்டரில் எவ்வளவு இருக்கிறது என்று அது பார்ப்பதே இல்லை. ஐஆர்2110 இரண்டையும் பார்க்கும். அதனால் 2110-இல் கபாசிட்டர் காலியானால் மோட்டார் திக்கும், நமக்குத் தெரிந்துவிடும். 2104-இல் மோட்டார் பாட்டுக்கு ஓடும், மாஸ்ஃபெட் வேகும்.

சரி, சரியான மதிப்பு என்ன? பல்ஸ் வேகத்தை 20 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள், ஒரு சுற்று 50 மைக்ரோவினாடி. 10 கிலோஓமை 100 கிலோஓம் ஆக்குங்கள், இழுப்பு 0.12 மில்லிஆம்பியராகக் குறையும், ஐசியின் 105 மைக்ரோஆம்பியரும் சேர்த்து 0.225. அது 50 மைக்ரோவினாடிக்கு 11 நானோகூலும். மொத்தம் 63, 5, 11 சேர்த்து 79. மொத்தச் செலவைக் கபாசிட்டரால் வகுத்தால் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்கும் என்று வந்துவிடும்: 1 மைக்ரோஃபாரட்டுக்கு 0.08 வோல்ட். கச்சிதம். அரை வோல்ட் வரை இறங்கலாம் என்றால் 0.16 மைக்ரோஃபாரட்டே போதும், ஆனாலும் 1 போடுங்கள், காரணம் அடுத்த பத்தியில்.

490 ஹெர்ட்ஸிலேயே ஓட்டியாக வேண்டும் என்கிறவர்களுக்கு: 10 கிலோஓமோடு ஒரு சுற்றில் 2.7 மைக்ரோகூலும் வரை போகும், 1 மைக்ரோஃபாரட்டில் அது 2.7 வோல்ட் சரிவு. 22 மைக்ரோஃபாரட் போட்டால் 0.12 வோல்ட். மோட்டார் கீச்சென்று கத்துவதை மட்டும் நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாகங்கள் வாங்கும்போது

கபாசிட்டர் செராமிக்காக இருக்கட்டும், எக்ஸ்7ஆர் ரகம், 50 வோல்ட். செராமிக்கில் ஒரு ரகசியம் உண்டு: டிசி வோல்ட்டேஜ் ஏற ஏற அதன் கொள்ளளவு குறையும், 16 வோல்ட் ரகத்தை 12 வோல்ட்டில் போட்டால் எழுதியிருப்பதில் பெரும்பகுதி காணாமல் போகலாம். ஒய்5வி ரகம் இன்னும் மோசம், சூடானாலும் குறையும், குளிர்ந்தாலும் குறையும். 1 மைக்ரோஃபாரட் போடச் சொன்னது இதற்காகத்தான். எலக்ட்ரோலிட்டிக் போட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்திலேயே 0.1 செராமிக் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

டயோடு வேகமானதாக இருக்க வேண்டும். வீட்டில் எப்போதும் கிடக்கும் 1என்4007 வேண்டாம், அது மின்சாரத்தை நேர்ப்படுத்தப் பிறந்தது, மூடுவதற்குள் குடத்துத் தண்ணீரில் கொஞ்சம் பின்னால் கொட்டிவிடும். யூஎஃப்4007 போடுங்கள், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இது 75 நானோவினாடியில் மூடும். 1என்4148 இன்னும் வேகம். 12, 24 வோல்ட்டுக்கு, 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டரோடு தாராளமாகப் போடலாம், ஆனால் 22 மைக்ரோஃபாரட்டை நிரப்பச் சொல்லி அதை வதைக்காதீர்கள். டயோடுக்குத் தொடரில் ஒரு 10 ஓம். சப்ளை போட்டவுடன் காலிக் கபாசிட்டர் ஷார்ட் மாதிரி இழுக்குமே, அதை 1 ஆம்பியர் அளவுக்குக் கட்டுப்படுத்த.

இவை தவிர விசிசிக்கு 10 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் இரண்டும் ஐசியை ஒட்டி. பூட்ஸ்ட்ராப் கபாசிட்டரைப்போல விசிசி கபாசிட்டர் பத்து மடங்காவது இருக்க வேண்டும், சின்னக் குடத்தை நிரப்பப் பெரிய அண்டா வேண்டாமா? கேட்டுகளுக்கு ஆளுக்கொரு 10 ஓம்.

ஐஆர்எஃப்3205 நல்ல மாஸ்ஃபெட்தானே, 8 மில்லிஓம்தானே என்று இதில் போடுபவர்கள் நிறைய. அதன் கேட் சார்ஜ் 146 நானோகூலும். ஐஆர்2104 கேட்டிலிருந்து உறிஞ்சும் கரண்ட் குறைந்தபட்ச உத்தரவாதம் 270 மில்லிஆம்பியர், முழுசாகக் காலி செய்ய அரை மைக்ரோவினாடிக்கு மேல் ஆகும். ஒன்று மூடி மற்றது திறப்பதற்கு நடுவே ஐசி தானாக விடும் இடைவெளியான டெட் டைமே 520 நானோவினாடிதான். ஒருவர் வெளியே போவதற்குள் இன்னொருவர் உள்ளே நுழைகிற நிலை. அதற்கு 2 ஆம்பியர் தரும் ஐஆர்2110 பொருத்தம், ஆனால் அதில் டெட் டைம் இல்லை, புரோகிராமில் நீங்கள்தான் விட வேண்டும்.

கோர்ப்பது

ஐஆர்2104-க்கு எட்டுக் கால். 1 விசிசி, அதில் 12 வோல்ட். 2 இன், ஆர்டுயினோவின் 9-ஆம் பின். 3 எஸ்டி, ஆர்டுயினோவின் 8-ஆம் பின், கூடவே 10 கிலோஓம் வைத்துத் தரைக்கு இழுத்துவிடுங்கள். ஆர்டுயினோ ரீசெட் ஆகும்போது பின்கள் அந்தரத்தில் தொங்கும், அந்த நேரத்தில் எஸ்டி தரையில் இருந்தால் இரண்டு மாஸ்ஃபெட்டும் மூடியே இருக்கும். 4 காம், அது தரை. 5 எல்ஓ, 10 ஓம் வழியாகக் கீழ் கேட்டுக்கு. 6 விஎஸ், நடுமுனைக்கு. 7 ஹெச்ஓ, 10 ஓம் வழியாக மேல் கேட்டுக்கு. 8 விபி.

விசிசியிலிருந்து 10 ஓம், அடுத்து டயோடு, கோடு போட்ட பக்கம் விபி நோக்கி. விபிக்கும் விஎஸ்ஸுக்கும் நடுவே கபாசிட்டர், ஐசியின் காலோடு ஒட்டி. விஎஸ்ஸிலிருந்து வரும் வயரை மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலிலேயே சால்டர் செய்யுங்கள், மோட்டார் வயர் போகும் வழியில் எங்கோ ஒரு இடத்தில் தொட்டுக்கொள்ள வேண்டாம். மேல் மாஸ்ஃபெட் சட்டென்று மூடும்போது மோட்டார் கரண்ட் கீழ் மாஸ்ஃபெட்டின் உள் டயோடு வழியாக ஓடும், அப்போது நடுமுனை தரைக்கும் கீழே போகும். வயர் நீளமாக இருந்தால் அந்தச் சரிவு இன்னும் ஆழமாகும், ஐசி குழம்பும், சில சமயம் செத்தும் போகும். மோட்டாரை நடுமுனைக்கும் தரைக்கும் நடுவே மாட்டுங்கள்.

புரோகிராமில் மூன்று விஷயம்

ஒன்று, தொடக்கம். சப்ளை வந்ததும் குடம் காலி. முதலில் இன் பின்னைத் தாழ்த்தி வைத்து, பிறகு எஸ்டியை உயர்த்தி, 2 மில்லிவினாடி காத்திருங்கள். கீழ் மாஸ்ஃபெட் திறந்து கபாசிட்டர் நிரம்பும். 10 ஓமும் 1 மைக்ரோஃபாரட்டும் சேர்ந்தால் 50 மைக்ரோவினாடியிலேயே நிரம்பிவிடும், மீதி சும்மா மனநிம்மதிக்கு.

இரண்டு, வேகம். டைமர் 1-ஐ ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் 14-ஆம் முறையில், ப்ரீஸ்கேலர் (டைமரின் கடிகாரத்தைக் குறைக்கும் வகுத்தல்) இல்லாமல், மேல் எல்லை 799 என்று வைத்தால் 16 மெகாஹெர்ட்ஸை 800-ஆல் வகுத்து 20 கிலோஹெர்ட்ஸ் வரும். நேரம் எண்ணும் மில்லிஸ் கட்டளை கெடாது, அது டைமர் 0.

மூன்று, டியூட்டிக்கு (ஒரு சுற்றில் மேல் மாஸ்ஃபெட் திறந்திருக்கும் பங்கு) உச்சவரம்பு. அனலாக்ரைட்டில் 255 கொடுத்தால் அது பல்ஸே இல்லை, பின் நிரந்தரமாக உயர்ந்தே இருக்கும், குடம் மாடியிலேயே வற்றும். 800-இல் 760-க்கு மேல் விடாதீர்கள், அது 95 சதவீதம். மீதி 2.5 மைக்ரோவினாடியில் 79 நானோகூலும் உள்ளே வர வேண்டும், அதாவது சராசரி 32 மில்லிஆம்பியர், 10 ஓமில் 0.3 வோல்ட் இழப்பு. டெட் டைமில் கொஞ்சம் போகும், ஆனால் அந்த நேரத்திலும் மோட்டார் கரண்ட் நடுமுனையைத் தரைக்குக் கீழே பிடித்து வைத்திருப்பதால் கபாசிட்டர் நிரம்பிக்கொண்டுதான் இருக்கும். மோட்டார் நமக்கு உதவி செய்கிற ஒரே இடம்.

முழு 100 சதவீதம் வேண்டுமென்றால் பூட்ஸ்ட்ராப் மட்டும் போதாது. 12 வோல்ட்டை 12 வோல்ட்டாகவே தனிமைப்படுத்தித் தரும் சின்ன டிசி-டிசி மாட்யூல் ஒன்றை விபிக்கும் விஎஸ்ஸுக்கும் நடுவே வைக்கலாம், அல்லது ஹெச்ஐபி4081ஏ மாதிரி உள்ளேயே சார்ஜ் பம்ப் இருக்கும் ஐசிக்குப் போகலாம்.

சோதனை

மோட்டாரை மாட்டாமல் தொடங்குங்கள். மேல் மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு (கரண்ட் உள்ளே வரும் கால்) இன்னும் சப்ளை வேண்டாம், விசிசி மட்டும். எஸ்டி உயர, இன் தாழ வைத்து மல்டிமீட்டரின் சிவப்பை விபியிலும் கருப்பை விஎஸ்ஸிலும் வையுங்கள். 11 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் பெரும்பாலும் டயோடைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள்.

அடுத்து டிரெயினுக்கு 12 வோல்ட், ஆனால் நேராக அல்ல, ரேடியோ மெக்கானிக்குகள் வைக்கிற அதே சீரிஸ் பல்பு வழியாக. வண்டியின் இண்டிகேட்டர் பல்பு ஒன்று போதும். இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒரே நேரத்தில் திறந்தால் பல்பு எரியும், மாஸ்ஃபெட் பிழைக்கும். விசிசியை பல்புக்கு முன்னாலிருந்து எடுங்கள், பின்னாலிருந்து எடுத்தால் பல்பு எரிகிறபோது ஐசியும் பட்டினி கிடக்கும்.

50 சதவீதத்தில் ஓட்டி விபி–விஎஸ் பாருங்கள், அப்புறம் மெதுவாக 95 வரை ஏற்றுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போகிறது என்றால் கபாசிட்டர் போலியாகவோ சிறியதாகவோ இருக்கும், இல்லையென்றால் எங்காவது ஓர் ஒழுகல். எல்லாம் சரி என்றால் பல்பை எடுத்துவிட்டு மோட்டாரை மாட்டலாம்.

பேட்டரியை சார்ஜ் செய்ய இதைப் போடுபவர்கள் கவனிக்க

சோலார் சார்ஜ் கன்ட்ரோலருக்கு இதே ஹாஃப் பிரிட்ஜைப் பலர் போடுகிறார்கள், நடுமுனையிலிருந்து ஒரு காயில், அங்கிருந்து பேட்டரி. இதில் நான் மேலே சொன்ன தொடக்க முறையை அப்படியே செய்தால் ஆபத்து. பேட்டரி காயில் வழியாக நடுமுனையை ஏற்கெனவே 12.6 வோல்ட்டில் தூக்கி வைத்திருக்கும். விசிசி 12 என்றால் கபாசிட்டர் தானாக நிரம்ப வழியே இல்லை, கீழ் மாஸ்ஃபெட்டைத் திறந்தாக வேண்டும். திறந்தால் பேட்டரி காயில் வழியாகத் தரைக்கு ஷார்ட். 100 மைக்ரோஹென்றி காயிலில் 10 மைக்ரோவினாடிக்குக் கரண்ட் 1.26 ஆம்பியர் வரை ஏறும், அது பரவாயில்லை. அதே 2 மில்லிவினாடி திறந்து வைத்தால் கணக்குப்படி 250 ஆம்பியர், அதற்கு வெகு முன்பே காயில் சாச்சுரேட் ஆகி, அதாவது கரண்டைத் தடுக்கும் சக்தியை இழந்து, மாஸ்ஃபெட் புகைந்திருக்கும்.

ஆகவே இங்கே 10 மைக்ரோவினாடி பல்ஸ்களாக, இடையில் எஸ்டியைத் தாழ்த்தி இடைவெளி விட்டு, எட்டுப் பத்து முறை கொடுத்து நிரப்புங்கள். அதேபோல வெயில் குறைந்து பேனல் கரண்ட் கிட்டத்தட்ட நின்றதும் எஸ்டியைத் தாழ்த்திவிடுங்கள். விட்டுவைத்தால் கீழ் மாஸ்ஃபெட் திறந்து மூட, சர்க்யூட் தலைகீழாகி பேட்டரியிலிருந்து பேனலுக்குத் திருப்பி ஏற்றத் தொடங்கும்.

24, 48, அதற்கும் மேலே

மோட்டார் சப்ளையை உயர்த்தினாலும் விசிசி 12-லேயே இருக்கட்டும், ஐஆர்2104-க்கு 10 முதல் 20 வோல்ட்தான். பூட்ஸ்ட்ராப் கணக்கு மாறாது, ஏனென்றால் கபாசிட்டருக்கு இடையே எப்போதும் அதே 11 வோல்ட்தான். டயோடுதான் மொத்த சப்ளையையும் தாங்கும். 48 வோல்ட் என்று சொல்லும் 13 செல் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 54.6, நம் ஐஆர்எஃப்இசட்44என் தாங்குவது 55, ஆகவே அதை மாற்றியே ஆக வேண்டும், 100 வோல்ட் ரகத்துக்குப் போங்கள்.

230 வோல்ட் மெயின்ஸை நேர்ப்படுத்தி 325 வோல்ட்டில் இதைச் செய்பவர்கள் யூஎஃப்4007 தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அப்புறம் ஆசிலோஸ்கோப். அதன் கருப்பு கிளிப் எர்த்தோடு சேர்ந்தது, அதை விஎஸ்ஸில் மாட்டினால் நடுமுனையை எர்த்தோடு ஷார்ட் செய்கிறீர்கள். விபி–விஎஸ் பார்க்க வேண்டுமென்றால் அந்த வோல்ட்டேஜுக்கான டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும். 12 வோல்ட் போர்டில், தனிமைப்படுத்தப்பட்ட சப்ளையாக இருந்தால், இரண்டு புரோபின் கிளிப்பும் தரையில், ஒன்றின் முனை விபியில், மற்றதன் முனை விஎஸ்ஸில், மேத் மெனுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் போதும். குடம் நிரம்பி வற்றுவது திரையில் ரம்பப் பல் மாதிரி தெரியும்.